தொண்ணூற்று மூன்று புள்ளி ஏழு

என் அண்ணி ஒரு ரத்த மாதிரியைப் பார்த்து முடிவு அனுப்ப 93.7 நிமிடம் எடுத்துக்கொள்கிறாராம். மேலாளர் சுவர்த் திரையில் காட்டினார். பன்னிரண்டு பேர் பார்த்தோம். நான் வாயைத் திறக்கவில்லை.

அண்ணி அங்கே இல்லை. இரண்டு மாடி கீழே, ஆய்வகத்தில், நுண்ணோக்கிக்கு முன்னால் இருந்தார். எல்லோரும் பயிற்சிக்கு வந்துவிட்டால் வேலையை யார் பார்ப்பது என்று அவரை விட்டுவிட்டுத்தான் வந்திருந்தோம்.

மருத்துவமனைப் பணியாளர்களுக்குப் புள்ளிவிவரம் கற்றுத்தரும் மூன்று நாள் பயிற்சி அது. கூட்ட அறையில் ஆளுக்கொரு லேப்டாப் வைத்திருந்தார்கள். மருந்துக் கிடங்கிலிருந்து இருவர், பதிவேட்டுப் பிரிவிலிருந்து மூவர், செவிலியர்கள் நால்வர். ஆய்வகத்திலிருந்து மேலாளர், நெட்டை, நான். நெட்டை என் சக பணியாளர். கதவு நிலையில் குனிந்து நுழைபவர்.

பயிற்சியாளர் வெளியாள். தன் மவுஸைத் தானே கொண்டுவந்திருந்தார். முதல் நாள் காலையிலேயே அவர் ஒன்று சொன்னார்: "சராசரிக்கு அவசரப்படாதீங்க. முதல்ல படம் போட்டுப் பாருங்க. எண்கள் எங்க கூடி நிக்குது, எங்க தனியா நிக்குதுன்னு பாருங்க. அப்புறம்தான் சராசரி." அப்போது மேலாளர் வராந்தாவில் போனில் பேசிக்கொண்டிருந்தார். கதவுக் கண்ணாடியில் அவர் முதுகு தெரிந்தது. அந்த முதுகை நான் இன்னும் மறக்கவில்லை.

இரண்டாம் நாள் மதியம், அவரவர் துறையின் தரவை வைத்துப் பயிற்சி. மேலாளர் ஆய்வகத்தின் ஆறு மாதத் தரவைப் பென் டிரைவில் கொண்டுவந்திருந்தார். அவசரப் பிரிவில் நோயாளியிடம் ரத்தம் எடுத்ததிலிருந்து முடிவு போய்ச் சேரும் வரை எத்தனை நிமிடம் என்று ஒவ்வொரு மாதிரிக்கும் நாங்கள் பதிவு செய்கிறோம். அறுபதைத் தாண்டக் கூடாது. மேலாளர் 'பணியாளர் வாரியாகச் சராசரி' என்பதைத் தேர்ந்தெடுத்து ஒரு கிளிக் செய்தார். அட்டவணை விழுந்தது.

ஆறு பணியாளர்கள். ஐந்து பேருக்கு நாற்பதும் சில்லறையும். நான்காம் எண்ணுக்கு மட்டும் 93.7.

"பாத்தீங்களா! ஒரே கிளிக்!" என்றார் மேலாளர். புதுச் சைக்கிள் கிடைத்தவர் மாதிரி இருந்தது முகம். "பேரு வேண்டாம். நம்பர் போதும். நாகரிகமா இருக்கட்டும்."

நாகரிகம். எங்கள் எண்கள் பணிப்பட்டியலில் பெயருக்கு நேராக எழுதி ஆய்வகச் சுவரில் ஒட்டியிருக்கின்றன. இரண்டு நெட்டை. நான்கு அண்ணி. ஆறு நான்.

"நாளைக்கு இயக்குநர் மேடம் முன்னாடி ஒவ்வொரு துறையும் பேசணும்ல? நாம இதைக் காட்டறோம். பரிந்துரையும் தயார். நாலாம் நம்பரைச் சாம்பிள் வாங்கற ஜன்னலுக்கு மாத்தறோம். அங்க நிதானமா உக்காந்து லேபிள் ஒட்டலாம்."

இரண்டு பேர் சிரித்தார்கள்.

அண்ணி ஒன்பது வருடமாக நுண்ணோக்கியில் இருப்பவர். மெஷின் 'சரி' என்று அச்சடித்துத் தந்த முடிவை இரண்டு முறை 'இல்லை, சரியில்லை' என்று நிறுத்தியிருக்கிறார். இரண்டு முறையும் மெஷின்தான் தவறு. அந்த இரண்டு நோயாளிகளும் நடந்து வீட்டுக்குப் போனார்கள். அவரை லேபிள் ஒட்டச் சொல்கிறார்கள்.

அப்போதும் நான் பேசவில்லை. வேலையிடத்தில் எனக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர். அது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பேசாமல் என் லேப்டாப்பில் அதே ஃபைலைத் திறந்தேன். நிமிடங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினேன். மேலே வந்து நின்றது 999. அதற்குக் கீழே 999. அதற்கும் கீழே 999. அறுபத்திரண்டு முறை. எல்லாம் நான்காம் எண்.

ஒருவர் ஒரு குழாயை வைத்துக்கொண்டு பதினாறரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாரா? அறுபத்திரண்டு முறை? அதைக்கூட யோசிக்காமல் கூட்டி வகுத்திருக்கிறது மென்பொருள். அதை விடுங்கள், அது மென்பொருள்.

அந்த 999 எப்படி வந்தது என்று அந்த அறையிலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன் இந்தப் பதிவுப் படிவம் கணினியில் வந்தது. மாலை ஆறு மணிக்கு அவசரப் பிரிவில் ஆள் மாறுவார்கள். அந்த நேரத்தில் எடுத்த குழாய்களை எல்லாம் ஒரே தட்டில் போட்டு மொத்தமாக அனுப்பிவிடுவார்கள். சீட்டில் ரத்தம் எடுத்த நேரம் இருக்காது. நேரம் தெரியாமல் நிமிடத்தை எப்படி எழுதுவது? காலியாக விட்டால் படிவம் நகராது. நான் கணினிப் பிரிவுக்குப் போய்க் கேட்டேன். அங்கிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "தெரியலேன்னா 999 போடுங்க. பின்னாடி நான் எடுத்துடறேன்" என்றார். அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் ஆய்வகத்தில் மற்ற ஐந்து பேருக்கும் சொன்னேன். எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

தேநீர் இடைவேளையில் பயிற்சியாளரிடம் போனேன். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

"அடடா. விடுபட்ட தரவு," என்றார் அவர். "999னா மதிப்பு இல்லைன்னு மென்பொருளுக்குச் சொல்லணும். சொல்லலேன்னா அதுக்கு அதுவும் ஒரு எண்தான். வாங்க."

திரையில் 'விடுபட்டவை' என்ற கட்டத்துக்குள் 999 என்று தட்டினார். மறுபடி சராசரி. அண்ணிக்கு 46.

46. எனக்குச் சிரிப்பே வந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மேலாளரிடம் போனேன். அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். கேட்டார். தலையை ஆட்டினார்.

"சரி, ஒத்துக்கறேன். அந்த அறுபத்திரண்டை எடுத்துடலாம். ஆனா ஏம்மா, மத்த அஞ்சு பேருக்கும் எத்தனை 999 இருக்கு?"

பார்த்தேன். முதல் மாதத்தில் அங்கங்கே ஒன்றிரண்டு இருந்ததையும் பின்னால் திருத்தியிருந்தார்கள். "இல்ல சார். ஒண்ணுகூட இல்ல."

"அவங்களுக்கு மட்டும் அறுபத்திரண்டு. அதாவது அறுபத்திரண்டு தடவை நேரத்தைக் குறிக்காம விட்டிருக்காங்க. மெதுவா வேலை செஞ்சாக்கூட மன்னிக்கலாம். இது அலட்சியம். நல்லவேளை எடுத்துச் சொன்னீங்க. இதையும் சேர்த்துக்கறேன்."

லேப்டாப்பை மூடினேன்.

"உங்க அண்ணிதான், புரியுது," என்று குரலைத் தாழ்த்தினார். "வருத்தப்படாதீங்க. அவங்க இடத்துக்கு உங்களைத்தான் யோசிச்சு வச்சிருக்கேன். பிஎஸ்சி படிச்சுட்டு எத்தனை நாள் குழாய் கழுவிட்டு இருப்பீங்க?"

பிஸ்கட் உடைந்து தேநீரில் விழுந்தது. அவர் கரண்டியால் அதைத் தேடினார்.

நான் "சரி சார்" என்றேன். ஏன் என்று கேட்காதீர்கள். வாயில்லாப்பூச்சிக்கு வாய் வந்தால் முதலில் வருவது இந்த இரண்டு சொற்கள்தான்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அண்ணன், அண்ணி, நான். அண்ணன் லிஃப்ட் பழுது பார்ப்பவர். அண்ணிதான் இந்த வேலைக்கு என்னைக் கூட்டிப்போனார், என் விண்ணப்பத்தை எழுதித் தந்தார், முதல் நாள் போட்டுக்கொள்ளத் தன் செருப்பைத் தந்தார். அன்று சாயங்காலம் அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"தொண்ணூத்தி மூணா?" என்றார்.

"புள்ளி ஏழு."

"ஆமா, அந்தப் புள்ளி ஏழு ஒண்ணுதான் குறைச்சல்."

அண்ணன் சிரித்தார். அண்ணி திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மேலாளர் அடுத்துச் சொன்னதையும் சொன்னேன். அலட்சியம், ஜன்னல், லேபிள். அந்த இடம் யாருக்கு என்பதையும் சொன்னேன். மறைத்தால் பிறகு இன்னும் மோசமாகும்.

அண்ணி கத்தவில்லை. வெங்காயம் நறுக்குவது மட்டும் வேகமானது.

"எனக்கு ஒண்ணு புரியல. ஆறு மணித் தட்டு எனக்கு மட்டுமா வருது? நெட்டை ட்யூட்டில இருக்கற அன்னிக்கு மட்டும் வார்டுல முத்து முத்தா நேரம் எழுதி அனுப்பறாங்களா?"

"இல்ல அண்ணி. அவருக்கும் அப்படித்தான் வருது."

"அப்ப அவரு என்ன போடறாரு?"

"நாப்பது."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

நான் வெங்காயத் தோலைக் கூட்டி அள்ளினேன். கத்தி நின்றது.

"நீ என்ன போடற?"

குழாயில் தண்ணீர் சொட்டியது. அண்ணன் என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், குப்பைப் பையை எடுத்தார். "இதைக் கொட்டிட்டு வந்துடறேன்." பை பாதிகூட நிரம்பவில்லை. போனவர் அரைமணி நேரம் வரவில்லை.

"நானும் நாப்பதுதான் அண்ணி."

அறுபதைத் தாண்டிய மாதிரிகளைக் கணினி தினமும் சிவப்பில் அச்சடிக்கும். அதைத் தண்ணீர் வடிகட்டிக்குப் பக்கத்தில் மாட்டுவார்கள். நிமிடம் அதில் இருக்காது, பணியாளர் எண் மட்டும் இருக்கும். 999 போட்டால் சிவப்பில் வரும். மூன்றாவது வாரத்தில் நெட்டை சொன்னார், "அறுபதுக்குள்ள எதையாவது போட்டுத் தொலைங்க. நாப்பது நல்ல நம்பர். யாரும் கேக்க மாட்டாங்க." யாரும் கேட்கவில்லை. என் எண் சிவப்பில் வருவது நின்றது. எனக்கு அது பிடித்திருந்தது. அண்ணியின் எண் வந்துகொண்டே இருந்தது. அவர் அதைக் கடந்துபோய்த் தண்ணீர் பிடித்துக் குடிப்பார்.

"ஏன்டி, ஒவ்வொருத்தர்கிட்டயா போய் 999 போடுங்கன்னு சொன்னவ நீ. நான் ஒருத்திதான் அதைக் கேட்டேன். எனக்குத் தெரியாததைத் தெரியாதுன்னு எழுதினேன். நீங்க அஞ்சு பேரும் கதை எழுதினீங்க. இப்ப உங்களுக்கு நல்ல பேரு, எனக்கு ஜன்னலு."

"நாளைக்குச் சொல்லிடறேன் அண்ணி."

"யாரு, நீயா?" என்றார். "பஸ்ல இறங்கற இடம் வந்தாக்கூட நான்தான் உனக்காகச் சத்தம் போடணும்."

வெங்காயத்தைச் சட்டியில் போட்டார். அன்று அவர் என்னோடு சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் எட்டரைக்கே கூட்ட அறைக்குப் போனேன். யாரும் இல்லை. பயிற்சியாளர் சொன்னபடி படம் போட்டேன். ஒவ்வொரு பணியாளருக்கும் ஒரு படம்: கீழே நிமிடங்கள், மேலே எத்தனை முறை. அண்ணியின் படம் ஒரு குன்று மாதிரி இருந்தது. இருபதில் தொடங்கி மெல்ல ஏறி, வலது பக்கம் நீண்டு சரிந்தது. வேலை அப்படித்தான் இருக்கும். சில நாள் சீக்கிரம், சில நாள் மெஷின் மக்கர். மற்ற ஐந்து படங்களிலும் சின்னக் குன்றுக்கு நடுவே, சரியாக நாற்பதில், கொடிக்கம்பம் நட்ட மாதிரி ஒரு குச்சி. நெட்டைக்கு 311. எனக்கு 204.

பிறகு நிமிடத்தையும் பதிவான மணியையும் சேர்த்து ஒரு குறுக்கு அட்டவணை. எந்த மணியில் இந்த நாற்பதுகள்? முக்கால்வாசி ஆறிலிருந்து ஏழுக்குள். அண்ணியின் 999கள்? அறுபத்திரண்டில் ஐம்பத்தெட்டு அதே ஆறிலிருந்து ஏழுக்குள்.

ஒரே தட்டு. ஒரே மணி. அண்ணிக்கு வந்த சீட்டுகள்தான் எங்களுக்கும் வந்தன.

அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் ஏறியது. மேலாளர் மீது, கணினிப் பிரிவுக்காரர் மீது, ஒரு நேரத்தை எழுதச் சோம்பிய வார்டு மீது. ஆனால் திரையில் ஆறாவது படம் என்னுடையது. எல்லோரையும் திட்டிவிட்டு அந்தக் குச்சியில் வந்து முட்டினேன்.

பத்து மணிக்கு மேலாளர் வந்து பார்த்தார். அவருக்குப் புரிந்தது. புரியாத மாதிரி பேசினார்.

"இதெல்லாம் எதுக்கும்மா? மேடத்துக்கு நேரம் இருக்காது. இந்தப் படத்தை எடுத்துடுங்க."

"சரி சார்," என்று எடுத்துவிட்டேன். என் விரல்தான் எடுத்தது.

பதினொன்றுக்கு இயக்குநர் வந்தார். அறுவை சிகிச்சை மருத்துவர். உட்காரும்போதே கடிகாரத்தைப் பார்ப்பவர். மருந்துக் கிடங்கு பேசியது. செவிலியர்கள் பேசினார்கள். பிறகு நாங்கள். மேலாளர் திரைக்குப் பக்கத்தில் நின்று பேசினார். நான் லேப்டாப் அருகே உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல அடுத்த பக்கம் தள்ள வேண்டும். அட்டவணை வந்தது. 46 என்று திருத்தியிருந்தார். பக்கத்தில் சிவப்பில், 'பதிவு செய்யத் தவறியவை: 62'.

"ஒரே ஒரு பணியாளர், மேடம். மத்த அஞ்சு பேரும் ஒரு தடவைகூடத் தவறவிடல. இது பழக்கம்தானே தவிர, வேலைப்பளு இல்ல. அடுத்தது."

அடுத்த பக்கம் பரிந்துரை. நான் தள்ளவில்லை.

"அடுத்தது."

என் விரல் பொத்தான் மேல் இருந்தது.

"ஏம்மா, அடுத்தது!" என்று சிரித்தார். "மேடம், பொண்ணு கொஞ்சம் பயந்த சுபாவம்."

அந்தச் சிரிப்புதான். வேறொன்றுமில்லை. மென்பொருளைத் திறந்தேன். ஃபைல், நிமிடம், பணியாளர் வாரியாகப் படம். அது வரைவதற்குச் சில நொடிகள் ஆயின. யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். "என்ன செய்யறீங்க?" என்றார் மேலாளர். ஆறு படங்களும் சுவர் அளவுக்கு வந்து நின்றன.

"மேடம்," என்றேன். குரல் கீச்சென்று வந்தது. மறுபடி சொன்னேன். "மேடம், இந்த அஞ்சு படத்துல நாப்பதுல ஒரு குச்சி இருக்கு. அது நிஜமில்ல. சாயங்காலத் தட்டுல நேரம் எழுதாமத்தான் சீட்டு வருது. எல்லாருக்கும் வருது. நாலாம் நம்பர் மட்டும் தெரியாதுன்னு போட்டாங்க. நாங்க நாப்பதுன்னு போட்டோம்."

"நாங்கன்னா?"

"ஆறாம் நம்பர் நான்."

பக்கத்தில் நெட்டை மூச்சை இழுப்பது கேட்டது.

இயக்குநர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனார். என் குச்சியைப் பார்த்தார். "இது எத்தனை?"

"இருநூத்தி நாலு."

"இதுல நிஜமாவே நாப்பது நிமிஷம் ஆனது எத்தனை?"

"தெரியாது மேடம்."

"தெரியாது," என்று அவர் திருப்பிச் சொன்னார். பிறகு மேலாளர் பக்கம் திரும்பினார். "போன மாசம் அங்கீகாரக் குழுவுக்கு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினது இந்த எண்களைத்தானா?"

"மேடம், அது வந்து..."

"இந்தப் படத்தை நீங்க பாத்தீங்களா, இல்லையா?"

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். மூன்று வருடத்தில் முதல்முறையாக அவர் கண் என்ன நிறம் என்று தெரிந்தது.

"நேரம் இல்லைன்னு எடுத்துடச் சொன்னாரு," என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

நான்காம் எண்ணை யாரும் எங்கும் மாற்றக் கூடாது என்று இயக்குநர் அங்கேயே சொன்னார். நேரம் எழுதாத சீட்டோடு வரும் குழாயை வார்டுக்கே திருப்பி அனுப்பச் சொன்னார். செவிலியர்கள் வரிசையில் இருந்த தலைமைச் செவிலியரின் முகம் சுருங்கியது. நாற்பது போட்ட ஐந்து பேரும் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும், மேலாளர் தனியாக வந்து பார்க்க வேண்டும். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பயிற்சியாளர் மவுஸைச் சுருட்டிப் பைக்குள் வைத்தார். என்னிடம் ஏதோ சொல்ல வந்தார். நான் நிற்கவில்லை.

படிக்கட்டில் நெட்டை வழிமறித்தார்.

"நல்லா இருங்க தாயே. உங்களுக்கு வாய் வர்றதுக்கு நான்தான் கெடச்சேனா? எனக்கு ரெண்டு புள்ளைங்க."

"என்னையும் சேர்த்துத்தானே சொன்னேன்."

"நீங்க சேர்த்துக்குங்க. நீங்க உங்க அண்ணியைக் காப்பாத்தினீங்க. என்னை யாரு காப்பாத்துவா?"

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. குனியாமல் இறங்கிப் போனார்.

விளக்கக் கடிதம் மூன்று நாளில் வேண்டும் என்று மேலாளர் கையெழுத்தோடு ஓலை வந்தது. அதைக் கேட்கவும் அவரைத்தான் விட்டார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். 'மதிப்பிற்குரிய ஐயா, படிவம் காலியிடத்தை ஏற்காததாலும் சிவப்புப் பட்டியலுக்குப் பயந்தும் நான் நாற்பது என்று பதிவு செய்தேன். இது தவறு. தயவுசெய்து என்னை மன்னிக்கவும்.'

நடந்ததை அண்ணிக்கு ஆய்வகத்திலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாளாகத் தட்டை நகர்த்து, விளக்கை அணை என்ற அளவில்தான் பேச்சு. அன்று துணி மடித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, என் தோளுக்கு மேலாகக் கடிதத்தை வாசித்தார்.

"முதல் பாதி சரி," என்றார். விரலைக் கடைசி வரியில் வைத்தார். "இது யாருக்கு?"

"மேலாளருக்கு."

"அவருக்கு நீ என்ன செஞ்ச? அவரு படத்தைப் பாத்துட்டு மறைச்சாரு. அவர்கிட்ட எதுக்கு மன்னிப்பு? ஆறு மாசம் என் நம்பர் செவப்புல தொங்கிச்சு. தினமும் பக்கத்துல நின்னு தண்ணி புடிச்ச. எனக்குச் சொன்னியா?"

சொல்லவில்லை. இயக்குநரிடம் சொன்னேன், பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னேன். அண்ணியிடம் அவரே கேட்கும் வரை சொல்லவில்லை.

கடைசி வரியை அடித்தேன். பேனா காகிதத்தைக் கிழித்தது. வேறு தாளில் மறுபடி எழுத வேண்டும்.

"மன்னிச்சிடுங்க அண்ணி," என்றேன்.

அவர் மடித்த துணியை எடுத்து அலமாரியில் வைத்தார். கதவை மூடினார். திரும்பி வந்தார்.

"கேட்டுச்சு," என்றார். "ஆனா எனக்கு இன்னும் கோவம் போகல."

"எனக்கும் அவரு மேல போகல அண்ணி."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். புதுத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"அப்ப அதை எழுது."